ஐந்து பெண்களில் அவன் ஏன் என்னைத் தெரிந்தெடுத்தான்?

கேள்வி: எனக்கு 63 வயது. கணித ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். கணவரோடு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் வசிக்கிறேன். ஐந்து வாரங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் 12.15 மணியளவில் கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவரில் பின்னால் இருந்தவன் இறங்கி வந்து, துண்டுக் கடதாசி ஒன்றைக் காட்டி விலாசம் கேட்டான். நான் குனிந்து வாசிப்பதற்குள் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். ஒன்பது பவுண். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் இடுப்பில் சுற்றிக் கட்டி வலிகாமத்திலிருந்து கொண்டுவந்த கொடி. பத்து நாட்களில் பொலிஸார் இருவரையும் பிடித்துவிட்டார்கள். கொடியை அதற்குள் உருக்கிவிட்டார்களாம். அறுத்தவனுக்கு 19 வயது. “திட்டம் ஒன்றும் இல்லை, திடீரென்று மனதில் பட்டது, செய்துவிட்டேன்” என்று சொல்லியிருக்கிறான். என் கேள்விகள்: (1) அந்த நேரம் ஒழுங்கையில் ஐந்து பெண்கள் நடந்தோம். மற்றவர்களின் கழுத்திலும் தங்கம் இருந்தது. நான் ஏன்? கனடாவிலிருக்கும் மகள் ஒரு காணொளி அனுப்பி, “உங்கள் நடைதான் காரணம், நிமிர்ந்து நடவுங்கள்” என்கிறாள். மச்சாள், “யார் உங்களைக் கொடியைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடச் சொன்னது?” என்கிறார். (2) “திடீரென்று” என்பது உண்மையா? (3) நான் ஏன் கத்தவில்லை? (4) அவனுடைய தாய் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனார். இப்படியான பிள்ளை திருந்துமா?

— ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

விடைத்தாள் திருத்திப் பழகிய கை என்பது கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. ஓரக்கோடு அடித்து, கேள்வி இலக்கங்களைச் சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறீர்கள். நானும் இலக்க வரிசையில் போகத்தான் நினைத்தேன்; முடியவில்லை. முதற் கேள்விக்கான விடையில் பாதி இரண்டாவதில் கிடக்கிறது. ஆகவே கொஞ்சம் முன்பின்னாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்காம் பக்கத்தின் பின்புறத்தில் இலக்கமிடாமல் பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதையும் பார்த்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தத் “திடீரென்று.” அது பொய் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். விலாசம் எழுதிய துண்டு அவனுடைய சட்டைப்பைக்குள் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி, பொலிஸாரும் கேட்டிருப்பார்கள். ஆனாலும் அவன் முழுப் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ரொனால்ட் கிளார்க், டெரெக் கோர்னிஷ் என்ற இரண்டு குற்றவியலாளர்கள் 1980களில் ஒரு வேறுபாட்டை வற்புறுத்தினார்கள். குற்றத்தில் இறங்குவது என்ற தீர்மானம் வேறு. இன்றைக்கு, இந்த இடத்தில், இந்த ஆளிடம் என்ற தீர்மானம் வேறு. முன்னையது நாட்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும். பின்னையது வினாடிகளில் முடிந்துவிடும். துண்டுக் கடதாசி முன்னையதைச் சேர்ந்தது. காலையில் மோட்டார் சைக்கிளில் ஏறும்போதே அது பையில் இருந்தது. எவரையாவது நிறுத்திக் காட்டவேண்டும் என்பதும் முடிவாகியிருந்தது. அந்த “எவரையாவது” நீங்கள் ஆனது ஒழுங்கை முனையில் அவன் கண் உங்கள்மீது பட்ட பிறகுதான். அவன் பின்னையதை மட்டும் சொல்லி முன்னையதை விழுங்குகிறான். பொலிஸாருக்கு ஒளிக்கிறான் என்பது பாதிதான். இப்படிப்பட்டவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒளிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் சிறைச்சாலை ஒன்றுக்கு வாரம் ஒருநாள் உளவளத்துணைக்காகப் போய்வந்தேன். சங்கிலி அறுத்து அகப்பட்ட ஓர் இளைஞன் அங்கே இருந்தான். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்துச் சொல்கிறேன். “யாரைப் பிடிப்பது என்று எப்படித் தீர்மானிப்பாய்?” என்று கேட்டேன். என் மேசையில் இருந்த கோப்பு ஒன்றை எடுத்து ஒரு கையிலும், தண்ணீர்ப் போத்தலை மற்றக் கையிலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். “இப்படி வந்தால்” என்றான். பிறகு போத்தலை வைத்துவிட்டு, வெறுங்கையை விரித்துக் காட்டி, “இப்படி வந்தால் இல்லை” என்றான். முதலில் கையைப் பார்ப்பானாம், அதற்குப் பிறகுதான் கழுத்தை. முகம்? கடைசியாக அறுத்த சங்கிலிக்குரிய பெண்ணின் வயதைக் கூட அவனால் சொல்ல முடியவில்லை. சங்கிலியின் பின்னல் எப்படி இருந்தது என்பதை மட்டும் விரலால் மேசையில் வரைந்து காட்டினான்.

இனி உங்கள் ஒழுங்கைக்கு வருவோம். மற்ற நான்கு பெண்களைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவனத்துக்கு நன்றி. இல்லாவிட்டால் நான் பொதுவாகவே எதையாவது சொல்லியிருப்பேன். இருவர் சேர்ந்து கதைத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டு வேகமாகக் காலி வீதிப் பக்கம் ஏறினாள். நான்காமவர் முன்பள்ளி விட்டுப் பிள்ளையைக் கூட்டிவந்த தாய். அவர் தொடர்மாடியின் வாயிலை நெருங்கிவிட்டார். நீங்கள் தனியே வந்தீர்கள். வலக்கையில் குடை, இடக்கையில் அர்ச்சனைத் தட்டு வைத்த பை. உச்சி வெயில். வாயிற்காவலாளி சாப்பிடப் போயிருந்தார்.

லோரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இருவர் 1979ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்று இன்றைக்கும் குற்றவியல் வகுப்புகளில் முதலில் படிப்பிக்கப்படுகிறது. செய்யத் துணிந்தவன், வசதியான இலக்கு, தடுக்கக்கூடிய ஆள் இல்லாமை, இவை மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால் குற்றம் நடக்கும் என்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வாழ்க்கைத் தரம் ஏறிக்கொண்டே போக, களவும் ஏன் ஏறியது என்பதுதான் அவர்களின் கேள்வி. வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போனதால் பகலில் வீடுகள் வெறுமையாகின. தொலைக்காட்சிப் பெட்டிகளின் எடை வருடத்துக்கு வருடம் குறைந்தது. தூக்கிக்கொண்டு போவது இலகுவாயிற்று. விடை இவ்வளவு சாதாரணமாக இருந்ததால் அப்போது பலருக்குப் பிடிக்கவில்லை. திருடனின் மனத்துக்குள் ஏதோ பெரிய இருட்டு இருக்கவேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். பெட்டியின் எடை என்றால் யாருக்குப் பிடிக்கும்?

அந்த மூன்றையும் உங்கள் ஐவர் மீதும் வைத்துப் பாருங்கள். இருவர் சேர்ந்து போனால் ஒருத்திக்கு மற்றவள் காவல். தொலைபேசியில் பேசுகிறவளின் காதுக்கு அந்தப் பக்கம் ஒரு சாட்சி இருக்கிறது. அதோடு அவள் அவனுக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறாள். பிள்ளை கத்தும், வாயிலும் பக்கத்தில். மிஞ்சியது நீங்கள். அதுவும் இரண்டு கையும் நிறைந்து. கணிதத்தில் சொன்னால், ஐந்தில் ஒன்று என்ற சமவாய்ப்பு அங்கே இருக்கவே இல்லை. அவன் ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வந்தான்.

தங்கத்தின் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளார்க் 1999இல் களவாடப்படும் பொருட்களின் இயல்புகளைத் தொகுத்தார்: ஒளிக்க இலகு, கொண்டுபோக இலகு, கைக்கெட்டும் இடத்தில் இருப்பது, பெறுமதி, அனுபவிக்க ஏற்றது, விற்க இலகு. தாலிக்கொடி இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நூற்றுக்கு நூறு வாங்கும். கைத்தொலைபேசிக்கு ஒரு தொடரிலக்கம் உண்டு, தேடிப் பிடிக்கலாம். உருகிய தங்கத்துக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. ஒன்பது பவுண் என்றால் 72 கிராம், உள்ளங்கைக்குள் அடங்கும். வெள்ளிக்கிழமை மதியம் பட்டுச் சேலையும் அர்ச்சனைப் பையுமாக வரும் ஒரு பெண்ணின் கழுத்தில் என்ன இருக்கும் என்பது வெள்ளவத்தையில் தெரியாதவர் யார்? வேறு நாட்களில் நீங்கள் மெல்லிய சங்கிலிதான் அணிவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. நாம் அதைப் பக்தி என்கிறோம். அவன் அதை நேரசூசியாக வாசிக்கிறான்.

விலாசம் கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நடந்துகொண்டிருப்பவரை நிறுத்துகிறது, கழுத்தைக் குனியவைக்கிறது, கண்ணைக் கடதாசிக்கு இழுக்கிறது. எல்லாவற்றையும் விட, மரியாதையை உங்களுக்கு எதிராகத் திருப்புகிறது. ஒருவன் கேள்வி கேட்டால் விடை சொல்லாமல் கடந்துபோக ஆசிரியர்களால் முடிவதில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பழக்கத்தால் எத்தனையோ பிள்ளைகள் கணிதத்தில் சித்தியடைந்திருப்பார்கள்.

இப்போது மகள் அனுப்பிய காணொளி. நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பெற்றி கிரேசன், மொரிஸ் ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நியூயோர்க் வீதியில் நடந்துபோனவர்களை அவர்களுக்குத் தெரியாமல் படம்பிடித்து, தாக்குதல் குற்றங்களுக்காகச் சிறையில் இருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொருவரையும் தாக்குவது எவ்வளவு இலகு என்று அவர்கள் புள்ளியிட வேண்டும். ஒவ்வொரு துண்டும் சில வினாடிகள்தான். ஆனாலும் யார் இலகு என்பதில் கைதிகளிடையே வியக்கத்தக்க உடன்பாடு இருந்தது. இலகு என்று அவர்கள் குறித்தவர்களின் நடையில் பொதுவான சில தன்மைகள் தெரிந்தன: அடி அளவுக்கு மிஞ்சி நீண்டோ குறுகியோ இருந்தது, பாதம் குதியிலிருந்து விரலுக்கு உருளாமல் மொத்தமாகத் தூக்கி வைக்கப்பட்டது, உடலின் பகுதிகள் ஒன்றோடொன்று இசையாமல் அசைந்தன.

ஆய்வு உண்மையானது. அதிலிருந்து “நெஞ்சை நிமிர்த்தினால் கள்வன் ஓடிவிடுவான்” என்று பாடம் எடுப்பதுதான் எனக்குச் சகிக்கவில்லை. அந்தக் கைதிகள் திரையைப் பார்த்தார்கள். அங்கே காவலாளி இல்லை, தப்பிப்போக வீதி இல்லை, கழுத்தில் என்ன கிடக்கிறது என்ற கேள்வியும் இல்லை. தாக்குவது எவ்வளவு இலகு என்பதும், யாரிடம் பறிப்பது இலாபம் என்பதும் ஒன்றல்ல. ரிச்சர்ட் ரைட், ஸ்கொட் டெக்கர் ஆகிய இருவரும் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில், சிறைக்கு வெளியே திரிந்துகொண்டிருந்த 86 ஆயுதக் கொள்ளையரைச் சந்தித்துப் பேசி 1997இல் நூலாக்கினார்கள். அவர்களில் பலர் தேடிப்போய்க் கொள்ளையடித்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? போதைப்பொருள் விற்பவர்களை. முரட்டு ஆட்கள், பலரிடம் ஆயுதமும் இருக்கும். இருந்தும் அவர்களிடம் பணம் உண்டு. பறிகொடுத்தால் பொலிஸுக்குப் போகமாட்டார்கள். அவர்கள் எல்லோரும் நிமிர்ந்துதான் நடந்திருப்பார்கள்.

உங்கள் முழங்கால் தேய்ந்திருக்கிறது, இடக்காலை இழுத்து வைக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவன் கண்ணில் பட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்றமாட்டேன். நீங்கள் அதை நம்பவும் மாட்டீர்கள். துரத்தி வரமாட்டார் என்று கணித்திருப்பான். ஆனால் தேய்ந்த முழங்காலோடு நடப்பவருக்கு நடை வகுப்பு எடுப்பதால் என்ன கிடைக்கும்? மகளிடம் சொல்லுங்கள்: முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கக் காசு அனுப்பட்டும், காணொளி வேண்டாம். (அவளும் பயந்துபோய்த்தான் அனுப்பியிருக்கிறாள். பல ஆயிரம் மைல் தூரத்திலிருந்து செய்யக்கூடியது வேறென்ன என்று தவித்திருப்பாள்.)

மச்சாளின் கேள்வி வேறு வகை. மெல்வின் லேர்னர், கரலின் சிமன்ஸ் என்ற உளவியலாளர்கள் 1966இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு பெண் மின்னதிர்ச்சியால் துன்புறுவதுபோன்ற காட்சியைச் சிலரைப் பார்க்கவைத்தார்கள். அதிர்ச்சி உண்மையில் கொடுக்கப்படவில்லை. பார்த்தவர்களுக்கு அது தெரியாது. துன்பத்தை நிறுத்த முடியாத நிலையில் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெண்ணையே குறைவாக மதிப்பிடத் தொடங்கினார்கள். நல்லவருக்குக் கெட்டது நடக்காது என்று நம்பினால்தான் எங்களால் நிம்மதியாக வெளியே போய்வர முடிகிறது. நடந்துவிட்டால், அந்த நம்பிக்கையைக் கைவிடுவதைவிட அந்த ஆளில் பிழை பிடிப்பது இலகு. உங்கள் மச்சாளும் அதே ஒழுங்கையில்தான் குடியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே. “கொடி போட்டபடியால்தான் நடந்தது” என்றால் கொடி போடாத அவருக்கு நடக்காது. அவர் தன்னைத்தான் ஆறுதற்படுத்துகிறார். அடுத்த முறை கேட்டால், “ஓம், பயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வியில் நீங்கள் உங்களை நடத்தும் விதம்தான் கடிதம் முழுவதிலும் எனக்கு அதிகம் வருத்தம் தந்தது. “சத்தம் போட்டு வகுப்பை அடக்கியவள், அன்று ஒரு சத்தம் வரவில்லை. இவ்வளவுதானா நான்?” என்று எழுதியிருக்கிறீர்கள். ரீச்சர், ஆபத்து பாயும்போது உடல் உங்களிடம் அனுமதி கேட்பதில்லை. சிலருக்குக் கை ஓங்கும், சிலருக்குக் கால் ஓடும், சிலருக்கு உடல் அப்படியே உறைந்துவிடும். தொண்டையும் அந்த உறைதலுக்குள்தான். மூளையின் பழைய பகுதிகள் செய்யும் வேலை அது. யோசித்துத் தீர்மானிக்கும் பகுதி வந்து சேரும்போது மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முனையில் திரும்பியிருக்கும். உறைந்ததால் நீங்கள் இழுபறிப்படவில்லை. கழுத்தில் கீறலோடு போயிற்று. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் வீதியில் இழுபட்டிருப்பீர்கள். அந்த வயதில் உடைகிற இடுப்பெலும்பு ஒன்பது பவுணோடு முடியாது.

ரொனி ஜனோஃப்-புல்மன் என்ற உளவியலாளர் 1979இல் சுயபழியை இரண்டாகப் பிரித்தார். “அன்று தனியே போனேன்” என்பது செயலைப் பழிப்பது. நாளைக்கு அதை மாற்றலாம். “நான் ஒரு ஏமாளி” என்பது ஆளைப் பழிப்பது. அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். உங்கள் கடிதத்தில் முதல் வகை இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டாம் வகை ஒன்பது இடத்தில். எண்ணிப் பார்த்தேன்.

இனி அந்தப் பிள்ளை. ஆத்திரத்தோடு கேட்கிறீர்களா, இரக்கத்தோடா என்று கடிதத்திலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

யோசியாமல் செய்தல் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது உண்மையில் ஒன்றல்ல. வைட்சைட், லைனம் என்ற இருவர் 2001இல் அதை நான்காகப் பிரித்தார்கள். மனம் கலங்கியிருக்கும்போது கண்மூடிப் பாய்வது, முன்பின் பார்க்காமை, எடுத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பொறுமை இல்லாமை, பரபரப்பைத் தேடி அலைவது. உங்கள் கொடியை அறுத்தவனிடம் எது என்று நேரில் பாராமல் சொல்லமாட்டேன். தாய் சொன்னவை என்று நீங்கள் எழுதியவற்றிலிருந்து ஒன்று தெரிகிறது: மோட்டார் சைக்கிள் அவனுடையதல்ல, ஓட்டி வந்தவன் அவனைவிட மூத்தவன், கடன் இருந்திருக்கிறது, மூன்று வேலைகளில் சேர்ந்து மூன்றையும் சில மாதங்களிலேயே விட்டிருக்கிறான். ஆகவே “திடீர்” அன்று பிறந்ததல்ல.

மூத்தவன் ஒருவன் கூட இருந்ததைச் சிறிதாக எடுக்காதீர்கள். மார்கோ கார்ட்னர், லோரன்ஸ் ஸ்டைன்பெர்க் ஆகிய இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 306 பேருக்குக் கணினியில் வாகனம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் ஓட்டத் துணிகிறார்கள் என்பதுதான் அளவீடு. சிலர் தனியே விளையாடினார்கள், சிலர் சிநேகிதர் பார்த்துக்கொண்டிருக்க. பக்கத்தில் சிநேகிதர் இருந்தபோது பதின்வயதினரின் துணிவு எகிறியது. 18 முதல் 22 வயதுவரையானவர்களிடமும் ஏறியது. 24க்கு மேற்பட்டவர்களிடம் ஏறக்குறைய மாற்றமே இல்லை. முன்பின் பார்க்கும் வேலையைச் செய்யும் முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டேயிருக்கிறது. இது மன்னிப்புச் சீட்டல்ல. கடனும் மூத்த கூட்டாளியும் உள்ள 19 வயதுப் பிள்ளைகள் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் அநேகர் எவருடைய கழுத்திலும் கைவைப்பதில்லை.

திருந்துவானா? டெரி மொஃபிட் என்ற உளவியலாளர் 1993இல் எழுதியது இன்றும் பயன்படுகிறது. சிறுவயதிலேயே அடாவடியாகத் தொடங்கி வாழ்நாள் முழுக்க இழுத்துக்கொண்டுபோகும் ஒரு சிறு கூட்டம். பதின்வயதில் இறங்கி, வேலையும் குடும்பமும் வந்ததும் விட்டுவிடும் ஒரு பெருங்கூட்டம். இவன் எதைச் சேர்ந்தவன் என்பதற்கு அவனுடைய ஏழு எட்டு வயதுக் கதை தெரியவேண்டும். பயிற்சியால் மாறுமா என்றால், ஓரளவுக்கு மாறும். சிக்காகோவில் வறிய பகுதிப் பையன்களுக்கு நடத்தப்படும் திட்டம் ஒன்றில் முதல் பாடமே விளையாட்டுத்தான். ஒருவனிடம் பந்தைக் கொடுத்து, மற்றவனிடம், “முப்பது வினாடிக்குள் அதை வாங்கு” என்பார்கள். உடனே பிடுங்கல், முறுக்கல், உருளல். முடிந்த பிறகு கேட்பார்கள்: “தா என்று ஏன் ஒருவனும் கேட்கவில்லை?” பந்து வைத்திருந்தவனிடம், “கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?” என்றால், “பந்துதானே, கொடுத்திருப்பேன்” என்பான். உந்துதலுக்கும் கைக்கும் இடையில் ஒரு மூச்சு இடைவெளியை உண்டாக்கிக் கொடுப்பதுதான் அந்தப் பயிற்சி முழுவதும். திட்டம் நடந்த காலத்தில் அந்தப் பையன்களிடையே வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன என்று 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எங்கள் விளக்கமறியல் கூடங்களின் நெரிசலில் இப்படி ஒரு பாடத்துக்கு இடம் எங்கே என்பது வேறு கதை. தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது.

தாய் வந்து அழுதது பற்றி: அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பண்பு. அதற்காக அடையாள அணிவகுப்பில் தயங்கவேண்டும் என்பதில்லை. வழக்கை என்ன செய்வது என்பது சட்டத்தரணியிடம் கேட்கவேண்டியது. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பயத்தில் கண் ஓரிரு விஷயங்களில் ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு அந்தக் கடதாசியின் மடிப்பு நினைவிருக்கிறது, முகம் மங்கலாக இருக்கிறது. அது இயல்பு. நிச்சயமாகத் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்பதே சரியான விடை. தாய் அழுவது வேறு. யாராவது வந்து மிரட்டினால் அது வேறு. குற்றச்செயலால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மிரட்டல் வந்தால் அன்றே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள், அவசரமென்றால் 119.

வெளியே போகும்போது செய்யக்கூடியவை கொஞ்சம்தான். வாகனங்கள் எதிரே வரும் பக்கமாக நடந்தால் பின்னாலிருந்து வாகனத்தில் எவரும் இலகுவாக ஒட்டி வரமுடியாது. பையைச் சுவர்ப் பக்கத் தோளில் போடுங்கள். ஒரு கை வெறுமையாக இருக்கட்டும். விலாசம் கேட்டால் நாலு அடி தள்ளி நின்று, “தெரியாது, காவலாளியைக் கேளுங்கள்” என்று சொல்லிக்கொண்டே நடவுங்கள். மரியாதைக்குறைவு என்று நினைக்கவேண்டாம்.

அதைவிட முக்கியமானது இப்போதைய உங்கள் நிலை. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கை கழுத்துக்குப் போகிறது; இரவு மூன்று மணிக்கு விழிப்பு; ஐந்து வாரமாக வாயிலைத் தாண்டவில்லை. முதல் ஒரு மாதத்துக்குள் இவை வந்தால் பெரும்பாலும் தாமாகவே தணியும். மாதம் கடந்தும் தணியாவிட்டால் உதவி தேடவேண்டும். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தமிழிலும் பேசலாம். உங்கள் குடும்ப வைத்தியரிடமும் கேட்டு ஒரு மனநல வைத்தியரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். அதுவரை, வீட்டுக்குள்ளேயே இருப்பது மட்டும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் போகாமல் விடும்போது பயம் ஒரு படி ஏறுகிறது.

அந்தப் பென்சில் வரி: “கொடி போனது அவருக்கு ஏதும் ஆகப்போவதற்கு அறிகுறியா?” கணவருக்கு இதய வருத்தம் என்று முதற் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும் பேனையால் எழுதிவிட்டு, இதை மட்டும் அழிக்கக்கூடிய விதத்தில் எழுதியிருக்கிறீர்கள். சகுனம் பற்றிப் பேச எனக்குப் படிப்பில்லை. கொடி போன விதம் பற்றி எனக்குத் தெரிந்ததைத்தான் மேலே எழுதினேன்: குடை, தட்டுப் பை, ஆளில்லாத வாயில், 72 கிராம். உங்கள் கணவரின் இதயம் அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. இன்னொன்றும் கேட்கவேண்டும். இந்தப் பயத்தை அவரிடம் சொன்னீர்களா? ஐந்து வாரமாக நீங்கள் அவரை இரவில் எழுந்து எழுந்து பார்ப்பதை அவர் கவனியாமலா இருப்பார்? சொல்லுங்கள். இப்போது கட்டியிருக்கும் மஞ்சள் கயிற்றுக்கும் கொடிக்கும் உள்ள வித்தியாசம் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதையும் அவர் வாயாலேயே கேளுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, வெயில் தணிந்ததும், அவரோடு ஒழுங்கை முனைவரை போய்த் திரும்புங்கள். கோயில் வேண்டாம், முனை மட்டும். அடுத்த நாளும் அதே தூரம். நான்கைந்து நாள் போனபின் அவரை வாயிலில் நிறுத்திவிட்டு நீங்கள் தனியே பாதித் தூரம். ஒரு கொப்பி வாங்கி, இரண்டு நிரல் போட்டு, புறப்படும்போது பயம் பத்துக்கு எத்தனை, திரும்பும்போது எத்தனை என்று எழுதுங்கள். எண் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். ஏறிய நாளையும் அழிக்காமல் வையுங்கள். மூன்றாவது வாரம் அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து எனக்கு அனுப்புங்கள். சிவப்புப் பேனை என்னிடமும் ஒன்று இருக்கிறது.